‘சாஃப்ட் டச்’ என்றால் மென்மையான தொடுதலா?



ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் ஓர் ஆங்கிலக் கதையைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் வரும் தாத்தாவை ‘சாஃப்ட் டச்’ என்று சொல்லியிருந்தார்கள். தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ஒரு மாணவி, “மென்மையான தொடுதல்” என்றாள். பின்னால் இருந்த பையன், “சார், டச் அண்ட் கோ மாதிரியா?” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் பொருளுக்குப் பக்கத்தில் போனவன் அவன்தான்.

பழைய ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஒருவரை ‘டச்’ செய்வது என்றால் அவரிடம் பணம் வாங்குவது. பெரும்பாலும் கடன் என்ற பெயரில். ஆக, ‘சாஃப்ட் டச்’ என்பவர் கேட்டவுடனே பணம் பெயரக்கூடிய ஆள். மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

இதற்கு அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாக ‘ஏமாளி’ என்று எழுதிப்போட்டுவிடுகிறோம். அது சரியில்லை.

சாஃப்ட் டச்: இரக்கத்தால் கொடுப்பவர். நம் வழக்கில் இளகிய மனசுக்காரர். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், டிஸ்யூ விற்க வருகிற எல்லாரிடமும் நான் வாங்கிவிடுவேன். தெரிந்தேதான் வாங்குகிறேன்.

கலிபள்: சொன்னதை அப்படியே நம்புகிறவர். இவருக்குத்தான் ஏமாளி பொருந்தும்; கொஞ்சம் அன்போடு சொன்னால் வெள்ளந்தி.

புஷ்ஓவர்: தள்ளினால் சாய்ந்துவிடுகிறவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சில் புழக்கத்துக்கு வந்த சொல். தமிழில் ‘எடுப்பார் கைப்பிள்ளை’. மலாயில் ‘பாக் துருட்’. ‘லெம்பு டிசுசுக் ஹிடோங்’, அதாவது மூக்கணாங்கயிறு மாட்டிய மாடு, என்பதும் இதற்கு நெருக்கம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? கிள்ளானில் என்னிடம் படித்த பையன் ஒருவன், எஸ்பிஎம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். கூட்டாளியின் கூட்டாளி ஒருவர் வங்கி அட்டையையும் பின் நம்பரையும் இரண்டு வாரத்துக்கு இரவல் கேட்டார். 300 வெள்ளி தருவதாகச் சொன்னார். கொடுத்துவிட்டான். யாரிடமோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போயிற்று. மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்களே, அந்தக் கழுதைக் கணக்கு. போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

“உனக்குச் சந்தேகமே வரலையா?” என்று கேட்டேன். “வந்துச்சு சார். ஆனா எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு தெரியல” என்றான். அவன் ஏமாளி இல்லை. எடுப்பார் கைப்பிள்ளை. பக்கத்தில் நின்ற அவன் அம்மா சொன்னார்: “யாரு எதைச் சொன்னாலும் மறுக்கமாட்டான் சார். நீங்களே ரிப்போர்ட் கார்டுல அப்படித்தானே எழுதுனீங்க.” உண்மைதான். ‘சொன்ன பேச்சைக் கேட்கும் நல்ல பிள்ளை’ என்று எழுதியது நான்தான்.

ஏமாளிக்குத் தேவை தகவல். எடுப்பார் கைப்பிள்ளைக்குத் தேவை மறுத்துப் பேசும் பயிற்சி. ஒருவருக்கான மருந்து மற்றவருக்கு வேலை செய்யாது.

தகவல் சுருக்கமாக இதுதான். 2024-இல் திருத்தப்பட்ட நம் தண்டனைச் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் வங்கி அட்டையைப் பிறரிடம் கொடுப்பதே குற்றம். சந்தேகமான கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபார்க்கலாம். பணம் பறிபோனால், 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்கவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். தாமதத்துக்குப் பெரிய காரணம் வெட்கம். அதனால்தான் வகுப்பில் ‘இளிச்சவாயன்’ என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். அந்தப் பெயருக்குப் பயந்த பிள்ளை நம்மிடம் வந்து சொல்லாது.

பயிற்சிக்கு மொழியணி வேளையில் 20 நிமிடம் போதும். மூன்று சூழல்களைப் பலகையில் எழுதுங்கள்; எந்தச் சொல் எதற்குப் பொருந்தும் என்று மாணவர்களே சொல்லட்டும். பிறகு இருவர் இருவராக நடிக்கட்டும்: ஒருவர் அட்டையைக் கேட்க, மற்றவர் மறுக்கவேண்டும். ஒரே விதி, காரணம் சொல்லக்கூடாது. காரணம் சொன்னால் எதிராளி அதற்குப் பதில் வைத்திருப்பார். “கார்டு என் பேருல இருக்கு. குடுக்கமாட்டேன்.” அவ்வளவுதான். முதல் தடவை பாதிப் பேர் சிரித்துச் சமாளிப்பார்கள். மூன்றாவது தடவை குரல் நிமிரும்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் கார்டில் அந்த வரியை எழுதும்முன் கொஞ்சம் யோசிக்கிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.