பாட்டுக்கு யார் பெயரில் பட்டா?



பறையும் பம்பையும் ஒலிக்கிற ஆலங்காயத்தில் ஓர் அமெரிக்கப் பியானோக்காரரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ராக் அண்ட் ரோல் என்றதும் பலரும் வெள்ளையரான எல்விஸ் பிரெஸ்லியைச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் கருப்பினக் கலைஞர் சக் பெர்ரியைச் சொல்வார்கள். பெர்ரிக்குப் பக்கத்தில் பியானோ வாசித்த ஜானி ஜான்சன் யார் நினைவுக்கும் எளிதில் வருவதில்லை.

1924இல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தவர் ஜான்சன். பியானோவைத் தானாகவே கற்றார். 1952 டிசம்பர் 31 இரவுக் கச்சேரிக்கு, அவருடைய மூவர் குழுவின் சாக்ஸபோன்காரர் நோயில் விழுந்ததால், பெர்ரியை அழைத்தார். குழு ஜான்சனுடையது, வந்து சேர்ந்தவர்தான் பெர்ரி. 1955இல் சிகாகோவின் செஸ் நிறுவனத்தில் ‘மேபலீன்’ பதிவானபோது முன்வரிசைக்குப் பெர்ரி வந்துவிட்டார். அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவராக வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் பெயரையும் சேர்த்தார்கள். பியானோ வாசித்தவர் பெயரைச் சேர்க்கவில்லை.

பெர்ரி வரிகளோடு வருவார், இருவரும் உட்கார்ந்து இசையமைப்போம் என்பது ஜான்சன் தரப்பு. இதற்குப் பாட்டுக்குள்ளேயே ஒரு தடயம் உண்டு. கிதாரில் கை வாகாக விழுவது 3 கட்டை, 6 கட்டை. பெர்ரியின் பாடல்கள் பலவும் இரண்டரை, ஆறரைக் கட்டையில் இருக்கின்றன. அவை பியானோக்காரருக்கு வாகானவை. இதைக் கவனித்துச் சொன்னவர் கிதார்க் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ். 1980களில் ஜான்சன் செயின்ட் லூயிஸில் முதியோருக்கான பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

பெர்ரியும் சுரண்டப்பட்டவர்தான், ஃப்ரீட் பெயரை நீக்கவே அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. அவருக்கும் கீழே ஒருவர் இருந்தார். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை சாதியைப் பற்றியது, அப்படியே அமெரிக்காவுக்குப் பொருந்தாது. ஆனாலும் இங்கே அது நினைவுக்கு வராமல் இல்லை.

2000இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களில் உரிமை கேட்டு ஜான்சன் வழக்குத் தொடுத்தார். காலம் கடந்துவிட்டது என்று 2002இல் வழக்கு தள்ளுபடியானது. இசை யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. இடையில், 2001இல், ராக் அண்ட் ரோல் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது, பக்கவாத்தியக்காரர் பிரிவில். 2005இல் இறந்தார்.

நம் கைபேசிகளிலும் பதிவுகள் இருக்கின்றன. பலவற்றுக்கு ‘பறை இசை’ என்று மட்டும் தலைப்பிட்டிருக்கிறோம். அடித்தவர் பெயரும் ஊரும் கேட்டு எழுதும் வேலையை இந்த மாதமே தொடங்கலாம். அவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.