ஆலோசகரின் ஊதியம் யார் கணக்கில்?

நாங்குநேரியைச் சேர்ந்த அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் சில நாள்களாகப் பள்ளிக்குச் செல்லவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். உடன் படிக்கும் ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லையே காரணம் என்று அவர் சொன்னார். புகார் பெறப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார்.

நிகழ்வுகளின் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வராத மாணவரை அழைத்துக் கேட்பது, புகாரைப் பெறுவது ஆகிய இரண்டுமே நடந்திருக்கின்றன. புகார் கொடுத்த பிள்ளையை அந்த நொடியிலிருந்து காக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கு மட்டும் நம் பள்ளி அமைப்பில் விடை இல்லை. 2025 மார்ச்சில் திருவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினொன்றாம் வகுப்பு மாணவரை மறித்து விரல்களை வெட்டியபோதும் அந்த விடை கிடைத்திருக்கவில்லை.

நாங்குநேரிக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் ஆகியவற்றைப் பற்றியே ஊடகங்கள் பேசின. அதிகம் பேசப்படாத இரண்டு பரிந்துரைகள் அதில் உண்டு. 500 மாணவர்களுக்கு மேல் பயிலும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் பணியிடம் வேண்டும் என்பது ஒன்று. ஒன்றியந்தோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை நியமித்து, அவர்கள் பள்ளிகளுக்குச் சுழற்சி முறையில் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இவை இரண்டும் பணம் கேட்கும் பரிந்துரைகள். கயிற்றைத் தடைசெய்ய ஒரு சுற்றறிக்கை போதும்.

500 என்ற வரம்பே சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றை வெளியே நிறுத்திவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில் வழங்கிய நெறிமுறைகள், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தேவை என்பதும் அவற்றில் அடங்கும். ஆகவே ஆலோசகர் தேவையா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது நிதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஏறத்தாழ 6,000. பள்ளிக்கு ஓர் ஆலோசகர், மாத ஊதியம் 40,000 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுச் செலவு 288 கோடி ரூபாய். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி. அதில் நூற்றில் ஒரு பங்குகூட இது இல்லை. உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்தால் தொகை கூடும். ஆனால் சேர்க்காமல் இருக்க முடியாது. நாங்குநேரி மாணவர் படித்ததே உதவிபெறும் பள்ளியில்தான். ஆசிரியர் ஊதியத்தை அரசு மானியமாகத் தரும் பள்ளிகளில் ஆலோசகர் ஊதியமும் அம்மானியத்தில் இடம்பெறாவிட்டால், அப்பணியிடம் உருவாகவே உருவாகாது.

பணம் எந்த வாயிலிலிருந்து வருகிறது என்பது தொகையைவிட முதன்மையானது. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா வழியே ஒப்பந்தப் பணியாளர்களாக அமர்த்திவிடலாம் என்று அதிகாரிகளுக்குத் தோன்றலாம். பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25இல் தமிழ்நாட்டிற்குரிய 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது இந்தத் திட்டத்தில்தான். தனக்கு நேர்ந்த இழிவை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை வாய்திறந்து சொல்லப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஆலோசகர் போய்விட்டால், அடுத்து வருபவரிடம் அது மீண்டும் தொடங்காது.

இன்னொரு வாயில் பட்டியல் சாதியினர் துணைத்திட்டம். இங்குதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். பாதிக்கப்படுபவர் தலித் மாணவர், எனவே தலித் நிதியிலிருந்தே செலவிடலாம் என்ற வாதம் நியாயம்போலத் தோன்றும். மாணவரைத் துன்புறுத்தும் வன்மத்தை ஊட்டியது ஆதிக்க சாதிக் குடும்பமும் தெருவும். அதைக் கண்டுகொள்ளாதது பள்ளி. அந்தச் செலவைச் சேரியின் கணக்கில் எழுதுவது அடிபட்டவரிடமே தண்டம் வசூலிப்பதாகும். மேலும், ஆலோசகர் பாதிக்கப்பட்டவருடன் மட்டும் பேசுபவர் அல்லர். கயிறு கட்டிய மாணவரிடமும் அவர் பேசியாக வேண்டும். மகளிர் உரிமைத்தொகைக்குத் துணைத்திட்ட நிதியை எடுத்தது குறித்து 2023இல் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது நினைவிருக்கலாம். பொதுச் செலவுகள் அந்நிதிக்குள் எத்தனை எளிதாக நுழைகின்றன என்பதற்கு அது சான்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் தீருதவியை இதற்கு மாற்றாகக் காட்டுவோரும் உண்டு. தீருதவி, முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகே தொடங்குகிறது. சாதிப் பெயரால் அழைப்பது, பையைத் தூக்கச் சொல்வது, சிகரெட் வாங்கிவர அனுப்புவது என்று அரிவாளுக்கு முன்பே நீளும் மாதங்கள் பெரும்பாலும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. அந்த மாதங்களுக்குத்தான் ஆலோசகர்.

ஓர் அச்சத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளூர் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரோ தலைமையாசிரியருக்குக் கட்டுப்பட்டவரோ அப்பணியில் அமர்ந்தால், ஆலோசனை என்பது இருவரையும் கைகுலுக்க வைத்துப் புகாரைத் திரும்பப் பெறச் செய்யும் பஞ்சாயத்தாக மாறிவிடும். நல அலுவலர் தலைமையாசிரியர் வழியாக அல்லாமல் மாநில அளவிலான கண்காணிப்புப் பிரிவுக்கு நேரடியாக அறிக்கை அளிக்க வேண்டும் என்று சந்துரு குழு கூறியது இக்காரணம் பற்றியே. ஆலோசகருக்கும் அது பொருந்த வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறையின் செலவுகள் சட்டமன்றத்தில் 43ஆம் எண் மானியக் கோரிக்கையாக வருகின்றன. ஆலோசகர் பணியிடங்கள் அதில் இடம்பெற்றாலும் பாதி விடைதான். எந்தத் துறையின் செலவாயினும் பட்டியல் சாதியினர் துணைத்திட்டத்தில் காட்டப்படும் தொகை 789 என்ற சிறுதலைப்பின்கீழ் எழுதப்படும். எனவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பும் மாணவர் அமைப்புகள் எத்தனை பணியிடங்கள், நிரந்தரமா ஒப்பந்தமா என்பதோடு நிறுத்தாமல், ஊதியம் எந்தக் கணக்குத் தலைப்பில் என்றும் கேட்க வேண்டும். அந்த எண்ணுக்குள் 789 இருந்தால் மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டிய இடம் அதுவே.