மதுச் சார்பும் மனச்சோர்வும்: இரண்டிற்கும் ஒருசேரச் சிகிச்சை

மதுவிற்கு அடிமையான ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்து வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன் வருகின்றனர்: குடியை நிறுத்த என்ன வழி? குடிக்காத நாள்களில் அவர் எப்படி இருந்தார், உறங்கினாரா, காரணமின்றி அழுதாரா, பிடித்தமான வேலைகளிலும் நாட்டமின்றி முடங்கிக் கிடந்தாரா என்று மருத்துவர் கேட்கும்போதுதான், குடிக்கு அப்பால் வேறொரு நோயும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது.

மதுச் சார்பு உடையவர்களிடம் மனச்சோர்வு நோய், பதற்ற நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு நோய் ஆகியவை மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாகக் காணப்படுகின்றன. 2019ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவினால் உண்டான சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் நம் நாட்டில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். இப்பக்கத்தில் மதுவும் மனச்சோர்வும் சேர்ந்து வரும் நிலை பற்றி மட்டும் விளக்கப்படுகிறது.

எது முதலில் வந்தது?

“இரவில் ஒரு குவார்ட்டர் போட்டால்தான் உறக்கம் வருகிறது” என்று நோயாளிகள் கூறுவது பொய்யன்று. மது முதலில் உறக்கத்தைத் தருகிறது. ஆனால் அதன் தாக்கம் குறையக் குறைய, பின்னிரவில் உறக்கம் கலைகிறது. விடியலில் படபடப்பும் குற்றவுணர்வும் மிகுகின்றன. அதை ஆற்ற மீண்டும் மது தேவைப்படுகிறது. கடன், வேலையிழப்பு, வீட்டில் சண்டை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்போது மனம் மேலும் தளர்கிறது. மனச்சோர்வு குடிக்கத் தூண்டுகிறது. குடி மனச்சோர்வை வளர்க்கிறது. பல ஆண்டுகள் கழித்து எது முதலில் வந்தது என்று வழக்காடுவதில் பயன் அதிகமில்லை.

எனினும் மருத்துவருக்கு அந்த வேறுபாடு ஓரளவு தேவைப்படுகிறது. மதுவினால் மட்டுமே உண்டான மனச்சோர்வு, குடியை முற்றிலும் நிறுத்திய 2 முதல் 4 வாரங்களுக்குள் பலருக்கும் கணிசமாகத் தணிந்துவிடுகிறது. அதன் பின்னரும் நீடிப்பது தனி நோயாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் எல்லா நோயாளிகளும் இவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள், முன்னர் நெடுநாள் குடிக்காமல் இருந்தபோதும் சோர்வு நீங்காதவர்கள், தற்கொலை எண்ணம் உடையவர்கள் ஆகியோருக்கு மனச்சோர்வுக்கான சிகிச்சை உடனே தொடங்கப்படும். ஆகவே பழைய விவரங்களைத் தெளிவாகக் கூறுவது குடும்பத்தினர் செய்யக்கூடிய பேருதவி.

குடியை நிறுத்தும் முதல் வாரம்

நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களில் சிலருக்கு வலிப்பு ஏற்படும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் இடம், காலம் தெரியாத குழப்பமும், இல்லாத உருவங்கள் தோன்றுவதும் ஏற்படலாம்; இது உயிருக்கே ஆபத்தான நிலை. இத்தகைய குழப்பத்தைப் ‘பேய் பிடித்தது’ என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் சென்று நேரத்தை இழக்க வேண்டா. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவமனையில் விலகல் அறிகுறிகளைத் தணிக்கும் மருந்துகளும், மூளையைக் காக்கும் தயமின் எனப்படும் வைட்டமின் பி1-உம் தரப்படும்.

ஒன்று முடிந்த பின் மற்றொன்றா?

“முதலில் குடியை விட்டு வாருங்கள், பிறகு மனநோயைப் பார்க்கலாம்” என்று முன்னாளில் கூறப்படுவதுண்டு. இரு பிரிவுகளுக்கும் இடையே அலையும் நோயாளி, நடுவிலேயே சிகிச்சையைக் கைவிட்டுவிடுகிறார். அமெரிக்காவில் மதுச் சார்பும் மனச்சோர்வும் உடைய 170 பேரிடம் 14 வாரங்கள் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், மது நாட்டத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 100க்கு 54 பேர் மதுவைத் தொடாமல் இருந்தனர். ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்கள், வெற்று மாத்திரை பெற்றவர்கள் ஆகியோரில் அவ்வாறு இருந்தவர்கள் 100க்கு 21 முதல் 28 பேர் மட்டுமே. அனைவருக்கும் உளவியல் ஆலோசனையும் அளிக்கப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மாத்திரை மட்டுமே சிகிச்சையாகாது.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் மாற்றம் இல்லை என்று நிறுத்துவோர் பலர். இவை போதை தரும் மாத்திரைகள் அல்ல. மதுவிற்குப் பதிலாக இன்னொரு அடிமைத்தனத்தை உண்டாக்கும் என்ற அச்சம் தேவையற்றது. எனினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல் போன்ற தொல்லைகள் வரலாம் என்பதால் மருத்துவர் சொற்படியே குறைக்க வேண்டும். உறக்க மாத்திரைகளின் நிலை வேறு: அவற்றுட் பல பழக்கத்தை உண்டாக்குவன, மதுவுடன் சேர்ந்தால் மூச்சையே தடுக்கக்கூடியன. அவற்றை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உட்கொள்ளலாகாது.

நால்ட்ரெக்சோன் தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை செய்யப்படும். டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து உட்கொள்பவர் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையவர் அகாம்ப்ரோசேட் மருந்து பற்றிக் கேட்டறிய வேண்டும்.

உணவில் மறைத்துக் கலக்காதீர்கள்

‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ எனும் விளம்பரங்கள் பல ஊர்ச் சுவர்களில் காணப்படுகின்றன. மருத்துவர் பரிந்துரைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையையே சிலர் சாம்பாரிலும் குழம்பிலும் கலந்து தருகின்றனர். இம்மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவத்தல், கடும் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை உண்டாகும். இதய நோய் உள்ளவர் இறக்கவும் நேரிடலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரங்கள் வரையிலும் இவ்விளைவு நீடிக்கக்கூடும். மனச்சிதைவு போன்ற நோய் இருப்பின் அதை மோசமாக்கவும் கூடும். நோயாளி முழுமையாக அறிந்து, ஒப்புதல் அளித்து, ஒருவர் கண்காணிக்க உட்கொள்ளும்போதே இது பயன்தரும் மருந்து. தாய்மாரும் மனைவியரும் வேறு வழியின்றியே இதைச் செய்கின்றனர் என்பது புரிகிறது. ஆயினும் உண்மை வெளிப்படும் நாளில், வீட்டு உணவின் மீதும் சிகிச்சையின் மீதும் அவர் கொண்டிருந்த நம்பிக்கை ஒருசேரப் போய்விடும்.

மீண்டும் குடித்துவிட்டால்

மீண்டும் குடிப்பது இந்நோயில் அடிக்கடி நிகழ்வது. அன்று வெட்கத்தால் மருத்துவரைத் தவிர்ப்பதும், “குடித்துவிட்டேன், இனி மாத்திரை வேண்டா” என்று அனைத்தையும் நிறுத்துவதுமே பெருந்தீங்கு. எந்த மாத்திரையைத் தொடரலாம், எதை அன்று தவிர்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போதையில் இருப்பவருடன் அன்றிரவே நியாயம் பேச வேண்டா.

மனச்சோர்வும் மதுவும் சேர்ந்திருப்பவரிடம் தற்கொலை அபாயம் மிகுதி. “சாக வேண்டும் போல் தோன்றுகிறதா?” என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தால் கருதப்படுகிறார். வழக்குக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்கத் தேவையில்லை. மதுவினாலும் போதைப்பொருள்களாலும் உண்டாகும் மனநலப் பாதிப்பும் இச்சட்டத்தின்படி மனநோயே.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாகவும் சிகிச்சை பெறலாம். நோயாளி வர மறுத்தாலும் குடும்பத்தினர் மட்டும் சென்று ஆலோசனை பெறலாம். டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். முதல் முறை செல்லும்போது அவர் உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.