ஏழை நாட்டுக்கு ஜனநாயகம் ஆகாதா?

"வயிறு நிரம்பாத ஜனங்களுக்கு வாக்குரிமை எதற்கு? முதலில் செல்வம் பெருகட்டும், ஜனநாயகம் பிறகு வரட்டும்" என்னும் உபதேசம் நம் செவிக்குப் புதியதன்று. அது வெறும் வாய்ச்சொல்லாக இருக்கும்வரையில் வாய்ச்சொல்லாலேயே விடை கூறிவிடலாம். புள்ளி விவரங்களைப் போர்த்திக்கொண்டு வரும்போதோ, அப்போர்வையை விலக்கிப் பார்ப்பது தேச காரியத்தில் ஈடுபட்டோர் அனைவருக்கும் கடமையாகிறது.

1959-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸீமோர் மார்ட்டின் லிப்ஸெட் ஒரு கட்டுரை வெளியிட்டார். செல்வமும் கல்வியும் கைத்தொழிலும் நகர வாழ்வும் மிகுந்த நாடுகளிலேயே ஜனநாயகம் ஊன்றி நிற்கிறது என்று அவர் கணக்குக் காட்டினார். செல்வ நாடுகளில் ஜனநாயகம் மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், செல்வம் வந்ததால்தான் ஜனநாயகம் வந்தது என்று அதிலிருந்து முடிவு கட்டலாமா என்பதே கேள்வி.

ஒரு குடியானவரை உதாரணமாகக் கொள்வோம். எரு இட்ட ஆற்றுப்பாசன வயல் அதிகம் விளைந்தது. எரு இடாத மேட்டுநிலம் குறைவாக விளைந்தது. விளைச்சலுக்குக் காரணம் எருவா, மண்ணா? இரண்டையும் அருகருகே வைத்து எவ்வளவு பார்த்தாலும் விளங்காது. அதே வயல் எரு இடுமுன் என்ன விளைந்தது, இட்டபின் என்ன விளைந்தது என்று பார்த்தால் மண்ணின் குணம் கணக்கிலிருந்து கழிந்துபோம். அவ்வருஷம் மழை நன்றாகப் பெய்ததால் விளைந்ததோ என்னும் ஐயத்துக்கு, அதே மழையைப் பெற்ற பக்கத்து வயல்கள் விடையளிக்கும். பல நாடுகளைப் பல வருஷங்கள் தொடர்ந்து பின்பற்றி, ஒவ்வொன்றையும் அதன் பழைய நிலையோடேயே ஒப்பிடும் இம்முறைக்கு 'பேனல்' கணக்கு என்று பெயர்.

டாரன் அஸெமோக்லு, ஸைமன் ஜான்ஸன், ஜேம்ஸ் ராபின்ஸன், பியர் யாரெட் என்னும் நால்வர் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இம்முறையைத்தான் கையாண்டது. 1960 முதல் 2000 வரையிலான கணக்கில் ஒவ்வொரு நாட்டின் மாறாத இயல்பையும் கழித்துப் பார்த்தபோது, வருமானத்துக்கும் ஜனநாயகத்துக்கும் இருந்த பிணைப்பு புலப்படாமலே போயிற்று. ஒரு நாட்டின் வருமானம் உயர்ந்ததால் அங்கு ஜனநாயகம் மலர்ந்தது என்பதற்கு அக்கணக்கில் ஆதாரம் இல்லை. அஸெமோக்லு மூவருடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1960 முதல் 2010 வரை 175 நாடுகளை ஆராய்ந்த அவர்கள், ஜனநாயகத்துக்கு மாறிய நாட்டில் சுமார் 25 ஆண்டுகளில் நபர்வாரி உற்பத்தி, மாறாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் உயர்கிறது என்று மதிப்பிட்டனர். காத்திருக்கச் சொன்னவர்களின் வாதம் இங்கே தலைகீழாகிறது.

இதைக் கண்டு நாம் கூத்தாடிவிடலாகாது. நமக்குச் சாதகமான எண்ணையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதே நேர்மை. 1950 முதல் 1990 வரை 141 நாடுகளை ஆராய்ந்த ஆடம் பிரஸெவோர்ஸ்கி குழுவினர், செல்வம் ஜனநாயகத்தைப் பிறப்பிப்பதில்லையாயினும் பிறந்ததைக் காக்கிறது என்றனர். மேலும், நாற்பது ஆண்டுகளுக்குள் மெல்ல மெல்ல மாறும் காரணங்களை, மாறாத இயல்போடு சேர்த்து இம்முறை கழித்துவிடக்கூடும். இன்னுமோர் அபாயம் உண்டு. ஒரே சாட்சியைப் பத்து முறை விசாரித்தால் பத்துச் சாட்சிகள் ஆகிவிடுமா? சென்ற வருஷக் கணக்கும் இவ்வருஷக் கணக்கும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால், இல்லாத விளைவும் இருப்பதாகத் தோன்றும். அமெரிக்க மாகாணங்களில் இயற்றப்படாத சட்டங்களை இயற்றியதாகப் பாவித்து மூன்று அறிஞர்கள் 2004-இல் பரீட்சித்தபோது, 45 சதவீதம் வரையில் அந்தக் கற்பனைச் சட்டங்களுக்கும் 'பலன்' இருப்பதாகக் கணக்குச் சொல்லிற்று!

ஆகவே, எண்களைக் காட்டி நம்மிடம் வாதிட வருவோரை நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒப்பிட்டது வேறு நாட்டோடா, அந்நாட்டின் பழைய நிலையோடா? எல்லோருக்கும் பொதுவாகப் பெய்த மழையைக் கழித்தீர்களா? ஒரே சாட்சியை எத்தனை முறை எண்ணினீர்கள்?

1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் சுமார் 18 சதவீதமே. ஆயினும் 1951-52 பொதுத் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். செல்வம் வரட்டும் என்று அன்று காத்திருந்தால் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும்? ஒரு தேசத்தின் கதையைக்கொண்டு உலக நியதியை நிலைநாட்ட நாம் முயலவில்லை. வாக்குரிமை மனிதனுடைய பிறப்புரிமை. அதற்குக் கணக்கரின் அத்தாட்சி தேவையில்லை. அதைக் கணக்கின் பெயரால் மறுப்போரிடம் மட்டும், கணக்கைச் சரியாகப் போடுங்கள் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு.