மண்வாரி இயந்திரம் வருவதற்கு முன் நடக்க வேண்டிய ஆய்வு

கெடா, பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் செய்தி வெளியானபோது அங்கே மிஞ்சியது சிதறிய கற்கள் மட்டுமே.

சண்டி என்பது பழங்காலக் கோயிலின் எச்சம். சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிப்பிடும் பகுதி இது. 1930களிலேயே ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் இங்குள்ள சண்டிகளைத் தோண்டி, எண்ணிட்டுப் பதிவு செய்தார். ஆனாலும் 11ஆம் எண் சண்டி தனியார் நிலத்தில் இருந்தது; பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தும் சட்டத்தின் காவல் அதற்குக் கிடைக்கவில்லை.

அதே வட்டாரத்தில், செம்பனை மரங்களுக்கிடையே கிடந்த மண்மேடுகளை 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டினர். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழாய்கள், செங்கல் கட்டடங்கள் வெளிவந்தன. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கண்ணுக்கு அவை வெறும் மேடுகளாகத்தான் தெரிந்திருக்கும்.

மேம்பாட்டுக்கு முன் செய்யப்படும் ஆய்வு படிப்படியாக நடக்கிறது. முதலில் பழைய வரைபடங்களும் நிலப் பதிவுகளும் பார்க்கப்படும். பிறகு ஆய்வாளர்கள் வரிசையாக நடந்து, ஓடு, செங்கல், இரும்புக் கசடு கிடக்கும் இடங்களைக் குறிப்பார்கள். மண்ணில் மின்சாரம் செலுத்தி, தோண்டாமலேயே புதைந்த கட்டடத்தை அறியும் முறையும் உண்டு. அதன் பிறகே சிறு சோதனைக் குழிகள். அடுக்கு அடுக்காக மண்ணை அகற்றி, ஒவ்வொன்றையும் அளந்து படமெடுப்பார்கள். கரித்துண்டு கிடைத்தால் காலத்தைக் கணிக்கலாம்.

ஆய்வில் முக்கியமானது எதுவும் கிடைக்காவிட்டால் பணி தொடரலாம். கிடைத்தால், கட்டட வரைபடத்தை மாற்றி அந்த இடத்தை ஒதுக்கலாம். முடியாதபோது முழுமையாகத் தோண்டிப் பதிவு செய்யலாம். ஆனால், இயந்திரம் ஒருமுறை புரட்டிய அடுக்கை எந்த ஆய்வாளராலும் திரும்ப அடுக்க முடியாது.

தோட்ட மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. தொல்பொருள் என்று கருதத்தக்க எதையும் கண்டெடுப்பவர், பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம். பழைய செங்கல்லையோ சிலையையோ கண்டால் வீட்டுக்கோ கோயிலுக்கோ எடுத்துச் செல்லாமல், கிடந்த நிலையிலேயே படமெடுத்துத் தெரிவிப்பது நல்லது. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வரலாறு எழுதப்படுகிறது.