மாமா அனுப்பின டெப் ஏன் திறக்குதில்லை?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் புதுக்குடியிருப்பைத் தாண்டி வந்தால் முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். இந்த இரண்டு உப்புநீருக்கும் நடுவிலுள்ள வீடுகளில் பிள்ளைகள் படிக்கும் கணினிகளும் டெப்களும் பெரும்பாலும் இன்னொருவர் பாவித்துவிட்டுக் கொடுத்தவை. போர் முடிந்த 2009 மே மாதம் இங்கிருந்து வெளியேறிய சனம் உயிரையும் ஒரு பையையும்தான் கொண்டுபோனது. அவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் முதலில் கூரையையும் கிணற்றையும் பார்த்தார்கள். கணினி பிறகுதான் வந்தது. கனடாவிலிருக்கும் மாமாவும் சுவிஸிலிருக்கும் சித்தியும் தாங்கள் புதிது வாங்கியபோது பழையதைத் துடைத்துப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனபோது இப்படி வந்தவை இன்னும் கூடின. 2022இல் நாடு வங்குரோத்தானது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. கடையில் புதிதாக வாங்கும் எண்ணத்தைப் பல வீடுகள் அத்தோடு விட்டுவிட்டன. இருப்பதைத் திருத்திப் பாவிப்பதே இங்கே ஒரே வழி.

திருத்த வருபவற்றில் இரண்டு வகை உண்டு. உப்பும் புழுதியும் வெக்கையும் கெடுத்தவை ஒன்று. மற்றதில் கருவிக்கு ஒரு குறையும் இராது, ஆனால் உள்ளே போகமுடியாது. இந்த இரண்டாவதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. முன்கூட்டியே தடுக்கக்கூடிய இழப்பு அது.

முதலில் உப்பு. கரையோர வீட்டில் டெப்பின் சார்ஜர் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மஞ்சளாக மின்னவேண்டிய முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும். அதன்மேல் நுண்மணலும் துணிப்பஞ்சும் அடைந்திருக்கும். "சார்ஜ் ஏறுதில்லை, பற்றரி போட்டுது" என்று கொண்டுவரப்படும் டெப்களில் பலவற்றுக்குக் கோளாறு இவ்வளவுதான். கருவியை முழுதாக நிறுத்திவிட்டு, பல்லுக்குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட சிறிய தூரிகையால் துடைத்துக் காயவிடவேண்டும். ஊசியோ குண்டூசியோ உள்ளே போகக்கூடாது. முனைகளை ஒன்றோடொன்று முட்டவைத்துவிட்டால் சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும்.

கணினி இயங்கத் தொடங்கி, திரை கறுப்பாகவே நின்று, பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் ரம் பலகையின் தொடுமுனைகள் கறுத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, பலகையைக் கழற்றி, பிள்ளையின் பெட்டியிலுள்ள வெள்ளை அழிறப்பரால் அந்த முனைகளைத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினால் பல கணினிகள் எழும்பிவிடுகின்றன. செலவு ஒன்றுமில்லை.

இன்னொரு கோளாறு ஆட்களை அதிகம் குழப்பும். கணினி நன்றாக வேலை செய்யும். ஆனால் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வரும். வைரஸ் என்று பயந்து கடைக்குக் கொண்டு ஓடுவார்கள். திரையின் மூலையில் திகதியைப் பார்த்தால் காரணம் தெரியும். தாய்ப்பலகையில் நாணயமளவில் சிஆர்2032 என்ற பற்றரி இருக்கிறது. அது செத்தால், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். பெரும்பாலும் பலகை உருவான ஆண்டுக்கே போகும். 2009இல் செய்த பலகையென்றால் 2009 ஜனவரி என்று காட்டக்கூடும். இந்த ஊரில் அந்த ஆண்டைத் திரையில் காண எவருக்கும் மனம் தாங்காது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் திகதியை வைத்துச் சரிபார்க்கப்படுவதால், கடிகாரம் பிழைத்தால் எல்லாத் தளமும் பிழையாகவே தெரியும். பற்றரியை மாற்றித் திகதியைத் திருத்தினால் சரி.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். டெப்பின் முதுகு உப்பி, திரை ஓரம் மேலெழும்பியிருந்தால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமத்தாதீர்கள், குத்தாதீர்கள். அது தீப்பிடிக்கும் சாமான்.

இனிக் கணக்குப் பூட்டு. மாமா அனுப்பிய டெப்பைப் பிள்ளை திறக்கிறது. உள்ளே மாமாவின் படங்களும் மெயிலும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் அழித்தால் புதிதாகிவிடும் என்று பொத்தான்களை அமத்தி ரீசெட் அடிக்கிறது. டெப் திரும்ப எழும்பி, முன்பு இருந்த கூகுள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் வந்த பூட்டு இது. திருடியவன் அழித்துவிட்டுப் பாவிக்காமல் தடுக்கச் செய்தது. ஐபேடில் இதே பூட்டு 2013இலிருந்து உண்டு. அன்பளிப்பா, களவா என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

"மாமா, உங்கட டெப் உங்கட ஈமெயிலைக் கேக்குது."

"எந்த ஈமெயில் பிள்ளை? அது பழசெல்லோ, பாஸ்வேர்ட் மறந்துபோனன்."

இங்கே காலை பத்து மணி என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்தில் நள்ளிரவு தாண்டி அரைமணி. மாமாவின் போனுக்கு வரும் குறியீட்டை அவர் விடியப் பார்க்கும்போது அது காலாவதியாகியிருக்கும். மாலை ஐந்துக்குப் பிறகு, அவர் எழும்பியபின், இருவரும் கோலில் இருந்தபடி செய்யுங்கள். மாமாவுக்குப் பழைய திரைப்பூட்டு எண் நினைவிருந்தால் பல ஆண்ட்ராய்டு கருவிகள் அதையும் ஏற்கும். ஐபேட் என்றால் இன்னும் இலகு. அவர் அங்கிருந்தே ஐகிளவுட் தளத்துக்குள் போய் அந்தக் கருவியைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். கூகுள் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றினால் 24 மணிநேரம் பொறுத்துத்தான் டெப்பில் போடவேண்டும்.

உள்ளூரிலேயே விழும் பூட்டும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கக் கொமினிகேசன் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரத் தம்பி அவசரத்தில் ஒரு ஜிமெயில் திறந்து, மீட்பு எண்ணாகத் தன் போன் இலக்கத்தையே போட்டுவிடுகிறார். ஆறு மாதத்தில் கடை இராது, அல்லது அந்தச் சிம் இராது. இரண்டு வருடம் எவரும் உள்ளே போகாத கணக்கை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கவும் தொடங்கிவிட்டது. எண் உங்களுடையதாக இருக்கவேண்டும் என்று கடையிலேயே கேட்டுச் செய்வியுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினால் எட்டு இலக்கங்களில் பத்து மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். அவற்றை அச்செடுத்து, குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றிதழும் சுற்றி வைத்திருக்கும் அதே சொப்பிங் பைக்குள் வையுங்கள். பங்கருக்குள்ளும் பத்திரங்களைக் காப்பாற்றிய சனத்துக்கு இந்தப் பழக்கத்தைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

திருத்துபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ரீசெட் அடிப்பதற்கு முன் "உள்ளுக்கு என்ன படம் இருக்கு அம்மா?" என்று கேளுங்கள். முல்லைத்தீவில் 2017 மார்ச் 8 முதல் போராடிவரும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஏந்தி நிற்கும் படங்களில், எங்கோ தப்பிய ஒரு சிறுபடத்தைப் பெருப்பித்தெடுத்தவையும் உண்டு. அல்பங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. அந்தப் படத்தின் படம் ஒரு பழைய போனுக்குள் மட்டும் இருக்கும் வீடுகளில் ரீசெட் அடித்தால், போனவர் இரண்டாம் தடவையும் போய்விடுவார்.

வயதானதால் ஒதுக்கப்படுபவை பற்றியும் சுருக்கமாக. 2025 தொடக்கத்திலிருந்து ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழான கருவிகளில் வட்ஸ்அப் வேலை செய்யாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை. அதற்காக எறிந்துவிட வேண்டாம். வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்டை நிறுவினால் பாடக்குறிப்பு, இணையம், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றுக்கும் இன்னும் சில வருடம் ஓடும்.

வெளிநாட்டிலுள்ள உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியில் வைப்பதற்கு முன் அமைப்புகளுக்குள் போய் உங்கள் கணக்கை நீக்குங்கள். ஐபேடில் ஐகிளவுட்டிலிருந்து வெளியேறுங்கள். அதற்குப் பிறகே அழியுங்கள். அழித்தபின் ஒருமுறை இயக்கி, பழைய கணக்கைக் கேட்கிறதா என்று பாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் வையுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் இன்றைக்கே ஊருக்கு ஒரு கோல் எடுத்து, டெப் திறந்ததா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.