டிஸ்கஸ் தொட்டியில் செடி வளர்க்கலாமா?

சாப்பாட்டுத் தட்டு போல வட்டமான உடல், கண்ணைப் பறிக்கும் நீலமும் சிவப்பும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் டிஸ்கஸைப் பார்க்கிறவர்கள் அந்தத் தொட்டியை விட்டு லேசில் நகர மாட்டார்கள். கூடவே, வீடியோக்களில் வருவதுபோல தொட்டித் தரை முழுக்கப் பச்சைப் புல் விரிக்கவும் ஆசை வரும். அங்கேதான் சிக்கல். இந்த மீனுக்குப் பிடித்த சூடு, பெரும்பாலான அழகுச் செடிகளுக்கு ஆகாது.

டிஸ்கஸின் பூர்வீகம் அமேசான் ஆற்றுப்படுகை. நீரோட்டம் மெதுவாக இருக்கும் இடங்களில், மூழ்கிய மரக்கிளைகளுக்கும் வேர்களுக்கும் நடுவே கூட்டமாக ஒதுங்கி வாழும். வீட்டுத் தொட்டியிலும் 28 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். குறைந்தால் தீனி எடுக்காமல் சோர்ந்துவிடும். விட்டுக்கொடுக்க வேண்டியது செடிதான்.

சூட்டைத் தாங்கும் செடிகளும் இருக்கின்றன. முதல் தேர்வு அமேசான் ஸ்வார்ட். மீனின் ஊர்க்காரர்! வேர்வழியாகச் சாப்பிடும் செடி என்பதால், அதன் அடியில் உர மாத்திரை புதைத்தால் போதும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மரக்கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள். தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

டிஸ்கஸ் தனியாக இருந்தால் மிரளும். ஐந்தாறு மீன்களாவது சேர்ந்திருக்க வேண்டும். ஒரு மீனுக்கு 40 லிட்டர் என்று வைத்தால், 240 லிட்டர் தொட்டி தேவை. பின்புறமும் பக்கவாட்டிலும் செடி, கட்டைகள். நடுப்பகுதி நீந்துவதற்குக் காலியாக இருக்கட்டும். தரையில் நைஸான மணலை மெலிதாகப் பரப்புங்கள். டிஸ்கஸ் வாயால் நீரை ஊதி மணலில் தீனி தேடும். புல் விரித்தால் மிச்சத் தீனி அதற்குள் சிக்கி அழுகும். வெளிச்சமும் அதிகம் வேண்டாம்.

கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரைத் தவிர்ப்பது நல்லது என்பேன். சூடான நீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. இரவில் செடிகளும் அதில் பங்கு கேட்கும். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. நீர் கலக்க வேண்டியிருக்கும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்காவது மாற்றுங்கள், அதே சூட்டில், குளோரின் நீக்கிய நீரால். குஞ்சு மீன்களுக்கு நாளுக்குப் பலமுறை தீனி, அடிக்கடி தண்ணீர் மாற்றம் என்று வேலை அதிகம். அவற்றுக்குச் செடியில்லாத வெறும் தொட்டிதான் சரி. செடித் தொட்டிக்கு வளர்ந்த மீன்களையே வாங்குங்கள். நோய் வந்தால் தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் பாருங்கள். சில மருந்துகள் செடிகளைக் கொன்றுவிடும்.

எல்லாம் கூடிவந்தால், ஒரு ஜோடி அகலமான ஸ்வார்ட் இலையைச் சுத்தம் செய்து முட்டையிடலாம். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள், தாய் தந்தை இருவரின் தோலில் சுரக்கும் திரவத்தைக் கொத்திச் சாப்பிட்டு வளரும். அந்த இலை பழுத்திருந்தாலும் வெட்டிவிடாதீர்கள்.